ஒரு விரிப்புக்கு ஒரு கை

போன வாரம் நம் விரிப்புக் கொட்டகையில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்ததாம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, காய்ச்சலில் படுத்துவிட்ட தோழியின் பாதி விரிப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தான் முடித்துக் கொடுக்கலாம் என்று ஊசியில் நூல் கோத்திருக்கிறாள். என் மகள் தடுத்திருக்கிறாள். "ஏங்க்கா, ஒதவி செய்யறதுல இன்னா தப்பு?" என்று அந்தப் பெண் கேட்க, "எங்க நைனா காலத்துச் சட்டம், அவரையே கேட்டுக்கோ" என்று இவள் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்தச் சட்டத்தை நான் ஒருவனாக வைக்கவில்லை. ஒரு பெரிய விரிப்பு கெட்டு, அதனால் ஒரு பெண்ணின் இடம் பறிபோகப் பார்த்து, அதன் பிறகு எல்லாருமாகச் சேர்ந்து வைத்தது. பிள்ளைகளே, வாயால் சொல்லத் தொடங்கினால் நான் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று உங்கள் அம்மாவுக்கு ஒரு குறை உண்டு. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. தப்பிருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். என் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, கொட்டகைக்கு வந்திருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு புயல் வந்து படகுகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு குப்பத்துப் பெண்களுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று, பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலை மூட்டை போட்டு வைத்திருந்த ஓட்டுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார்கள். முதுகுப் பிடிப்பால் நான் படகேற முடியாமல் கரையில் குந்தியிருந்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். எங்கள் குப்பத்துப் பெண்களும், பசியாவரம் தீவிலிருந்து படகில் வருகிறவர்களுமாகக் கொட்டகை நிறைந்துவிட்டது.

துணி கொண்டுவந்து தருவதும், முடிந்த விரிப்பை மெட்ராஸில் விற்றுத் தருவதும் பழவேற்காட்டுக் காதர் பாய். தையல் கடையிலும் பனியன் கம்பெனியிலும் வெட்டிப் போட்ட துண்டுத் துணியை மூட்டை கட்டி பஸ் மேலே போட்டுக்கொண்டு வருவார். ஆந்திரா பக்கம் மலிவாகக் கிடைத்தால் அங்கேயும் போவார். எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். "நல்லா குத்து நைனா. உள்ள கீறது கிழிஞ்ச துணி. நீ இன்னும் கிழிச்சா எங்க பொம்பளைங்களுக்கு வேலை மிச்சம்" என்று பாய் சொல்லுவாராம். அவர்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்களாம்.

விரிப்பு வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். துணியை நீளமாகக் கிழித்து, பிசிறு உள்ளே போகும்படி மடித்து, தலை பின்னுவதைப் போல மூன்றுகால் சடையாகப் பின்னுகிறோம். நாலுகால், அஞ்சுகால் பின்னினால் சடை பட்டையாக வரும். கடைக்காரர்கள் அதை அழகு என்பார்கள், கை வலிக்கிறவளுக்குத்தான் அதன் அழகு தெரியும். அப்புறம் சடையைச் சுற்றி, சுற்றோடு சுற்றைக் கோணி ஊசியும் நூலுமாகக் கோக்கிறோம். வட்ட விரிப்பு என்றால் நத்தை ஓடு மாதிரி நடுவிலிருந்து கிளம்பும். முட்டை வடிவ விரிப்புக்கு நடுவில் ஒரு நேர்ச்சடை வேண்டும். விரிப்பின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவதுதான் அதன் நீளம். பின்னலின் ஒவ்வொரு வளைவும் ஒரு கண். பக்கவாட்டில் கண்ணுக்குக் கண் கோத்தால் போதும். வளைவில் திரும்பும்போது மட்டும் வெளிச்சடையில் அங்கங்கே ஒரு கண்ணை விட்டுவிட்டுக் கோக்க வேண்டும். எத்தனை கண்ணுக்கு ஒன்றை விடுவது என்று யாரும் எழுதி வைக்க முடியாது. விடாமல் போனால் விரிப்பு சட்டி மாதிரி குழியும். அதிகமாக விட்டால் ஓரம் அலையடிக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் விரல் சொல்லும்.

இந்தத் தொழிலில் எங்களுக்கு விழுந்த முதல் அடி உப்பால் விழுந்தது. நல்ல தண்ணீர் குடத்தில் தூக்கி வர வேண்டிய ஊர். குடிக்கவே அளந்து குடிக்கிற இடத்தில், துணி அலச யார் கொடுப்பார்கள்? கொட்டகை வாசலிலேயே ஏரி இருக்கிறதே, உப்புத் தண்ணீராக இருந்தால் என்ன என்று துணியை எல்லாம் ஏரியில் அலசிக் காயப் போட்டோம். வெயிலில் மொடமொடவென்று காய்ந்தது. கோடை முழுக்க ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் காதர் பாய் ஓடி வந்தார். "மேஸ்திரி, எங்க வூட்டு ரூம்புல உன் விரிப்பெல்லாம் வேர்க்குதுபா! விசிறி எடுத்து விசிறச் சொல்றியா?" போய்த் தொட்டுப் பார்த்தேன். கூரை ஒழுகவில்லை, ஆனால் ஒவ்வொரு விரிப்பும் நனைந்த நாய் மாதிரி கனத்தது. துணியில் நின்ற உப்பு காற்றிலிருந்த ஈரத்தை எல்லாம் குடித்திருந்தது. அன்றிலிருந்து கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் என்று ஆனது. வெயில் நாளில் சரியாக இருப்பதைப் பார்த்து, வேலை சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அது எங்கள் சிக்கனத்தால் வந்த தப்பு. அடுத்தது எங்கள் நல்ல வழக்கத்தால் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உங்களில் ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வருகிற விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை வைக்க முடியாது. மீன் வரும் இடங்களைச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னாருக்கு இந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறோம். அதுதான் பாடு. முறை வந்தவன் கெட்டிக்காரனா சோம்பேறியா என்று பார்ப்பதில்லை. நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும்.

கொட்டகையில் வேலை தொடங்கிய புதிதில் பெண்களுக்குள் தினமும் சண்டை. விரிப்பின் நடுப்பகுதி நோண்டு வேலை. காலையிலிருந்து குனிந்தாலும் உள்ளங்கை அகலம்தான் தேறும். வெளிச்சுற்று அப்படியில்லை, விறுவிறுவென்று ஓடும். எல்லாருக்கும் வெளிச்சுற்றுதான் வேண்டும். அப்போது எல்லம்மா சொன்னாள், "ஏரியில ஆம்பளைங்க அடிச்சிக்கினாங்களா? சீட்டுப் போட்டுக்கினாங்க. நம்மளும் போட்டுக்கலாம்." எல்லம்மா எங்கள் குப்பத்துக்காரி. முடிச்சுப் போட்டு வலை பின்னுவதில் அவளுக்கு ஈடாக ஆண்களில்கூட ஆள் கிடையாது. அவள் சொன்னது எல்லாருக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. ஆளுக்கொரு கிளிஞ்சலில் அடையாளம் போட்டு ஒரு மண்சட்டியில் வைத்தோம். யாருடைய கிளிஞ்சல் முதலில் வருகிறதோ அவள் அன்றைக்கு வேண்டிய சுற்றை எடுத்துக்கொள்வாள். அடுத்த நாள் வேறொருத்தி. காற்று பலமாக இருந்து பசியாவரத்துப் படகு வராத நாளில்கூட அவர்கள் விட்ட விரிப்பை இங்கே இருப்பவர்கள் தொடர்ந்தார்கள். சண்டை நின்றது. நடு ஒருத்தி கை, அடுத்த சுற்று ஒருத்தி கை, ஓரம் இன்னொருத்தி கை என்று ஒவ்வொரு விரிப்பும் கொட்டகை முழுக்கச் சுற்றி வந்தது. சின்ன விரிப்புகளில் இதனால் வந்த கோணல் பெரிதாகத் தெரியவில்லை.

பசியாவரத்திலிருந்து வந்தவர்களில் ஒருத்தி தேசம்மா. அவள் புருஷனுக்கு ஏரியில் பாடு இருந்தது. காய்ச்சலில் அவன் போய்விட்டான். மகன் இல்லை. ஆண் பெயர் இல்லாத வீட்டின் முறை திரும்ப ஊருக்கே போய்விடும். அன்றைய ஊர்க்கட்டு அது. அதற்குப் பிறகு அவள் முழங்கால் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பொறுக்கிப் பிழைத்தாள். ஒரு நாள் கெளுத்தி முள் கட்டைவிரல் அடியில் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. ஆறினபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுசாக மூடவில்லை. இறாலும் போயிற்று என்றுதான் கொட்டகைக்கு வந்தாள். முதல் நாள் கிளிஞ்சலைச் சட்டியில் போடும்போது, போட்டதை மறுபடி வெளியே எடுத்து, அடையாளம் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டாள்.

சில வருடம் போனது. மெட்ராஸில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து காதர் பாய் ஒரு வேலை பிடித்து வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்து பாட்டுப் பாட, கதை கேட்க, முட்டை வடிவத்தில் ஒரு பெரிய விரிப்பு. அத்தனை பெரியதை நாங்கள் அதுவரை செய்ததில்லை. பள்ளி திறப்பதற்குள் வேண்டும். வழக்கம்போலச் சீட்டுப் போட்டோம், வழக்கம்போலச் சுற்றி வந்தது. பெரிதாக இருந்ததால் மடித்து மடித்து வைத்துத்தான் கோத்தார்கள். முழுசாக விரித்து ஒருவரும் பார்க்கவில்லை.

முடியும் தறுவாயில் காதர் பாய் வந்தார். விரித்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி வந்து பார்த்தார்.

"மேஸ்திரி, இது இன்னா?"

"விரிப்பு, பாய்."

"விரிப்புன்னா விரிஞ்சி கெடக்கணும்பா. இது ஆமை மாதிரி முதுகத் தூக்கிக்கினு கீது."

எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓரத்தப் பாரு பாய், அப்பளம் பொரிச்ச மாதிரி கீது."

"சிரி, சிரி. நாளைக்கு ஒரு கொழந்த இதுல தடுக்கி வுழட்டும், அந்த ஸ்கூல் அம்மா என்னத்தான் பொரிச்சி எடுப்பாங்க."

தண்ணீர் தெளித்து, மேலே மணல் மூட்டைகளை அடுக்கி வைத்தோம். மறுநாள் காலையில் காதர் பாய் முன்னாலேயே மூட்டைகளை எடுத்தோம். கொஞ்ச நேரம் அடக்கமாகக் கிடந்தது. அப்பாடா என்று நான் திரும்புவதற்குள், தூங்கி எழுந்தவள் சோம்பல் முறிப்பது மாதிரி நடுப்பாகம் மெல்ல மேலே வந்துவிட்டது. இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லம்மா மண்டியிட்டு ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்றாள். "இத பாரு, தொளதொளனு கீது. இங்கியும். இங்கியும். இது யாரு கையின்னு நான் சொல்லணுமா?"

எல்லாரும் தேசம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இவ கை பட்ட எடமெல்லாம் இப்படித்தான். நான் பொறாமையில சொல்லல மே, கண்ணு முன்னாடி கீது."

காதர் பாய் கெட்ட மனுஷன் இல்லை. குரலைத் தணித்துத்தான் சொன்னார். "யம்மா, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இந்த வேலை போச்சின்னா அடுத்த வேலை வராது, எல்லாரும்தான் சும்மா குந்தணும். மேஸ்திரி, அவங்களுக்குத் துணி கிழிக்கிற வேலை, மடிக்கிற வேலை குடுத்துடு. கிளிஞ்சல மட்டும் எடுத்துடு."

"எங்க வூட்டுக்காரு போனப்ப ஏரியில பேர எடுத்தாங்க" என்றாள் தேசம்மா. "ஊருக்கட்டுன்னாங்க, நான் ஒண்ணும் சொல்லல. இங்கியும் எடுத்துட்டா நான் எங்க போயி மொற கேக்கறது?"

"துணி கிழிக்கிறதும் வேலைதான மே?" என்றாள் எல்லம்மா.

"வேலைதான். நீங்க பாத்து குடுத்தா உண்டு, குடுக்காட்டி இல்ல. பாடு அப்படியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நடந்து வரும்போதே மனது பாய் சொன்ன பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஒருத்தியின் கிளிஞ்சலை எடுத்தால் அத்தனை பேர் வேலை நிற்கிறது. எனக்கும் கணக்குச் சரியாகத்தான் பட்டது.

உங்கள் அம்மா சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவளும் அங்கே சடை பின்னியவள்தான். என் மகள் வயிற்றில் இருந்ததால் அப்போது வீட்டில் இருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, "தொளதொளனு இருந்தா ஓரம் அலையடிக்கும், சரி. நடுவுல எதுக்கு முதுகு தூக்குது? நடுவுல தேசம்மா கை பட்டுச்சா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. "அவுத்துப் பாத்தாதான் தெரியும்" என்றேன்.

"அப்ப போயி அவுத்துப் பாரு. சோறு எங்கியும் ஓடிடாது."

பிள்ளைகளே, நெருக்கடியில் எல்லாரும் ஒரே ஆளைக் கைகாட்டும்போது, அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கும் ஒருவர் வேண்டும். கெட்டுப்போனதில் எந்தப் பாகம் அந்த ஆளால் கெட்டிருக்க முடியாது என்று பாருங்கள்.

கொட்டகைக்குத் திரும்பி, வலை அறுக்கும் கத்தியை எடுத்து விரிப்பின் மேல் உட்கார்ந்தேன்.

"யோவ் மேஸ்திரி! பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிக்கிச்சா?" காதர் பாய் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"சடையத் தொட மாட்டேன் பாய். கோத்த நூலை மட்டும் அறுக்கறேன்."

ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தேன். தேசம்மா கோத்த இடங்களில் நூல் சட்டென்று வந்துவிட்டது. நடுவுக்குப் பக்கத்தில் வந்ததும் கத்தி நுழையவில்லை. சடைக்கும் சடைக்கும் நடுவே நூல் அவ்வளவு இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வலை முடிச்சு. கத்தி முனையை நெம்பி ஒவ்வொன்றாக அறுக்க அறுக்க, ஆமை முதுகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையைத் தொட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"என் கைதான்" என்றாள் எல்லம்மா. "அதுக்கின்னா இப்போ? முடிச்சு நழுவுனா மீன் பூடும்னு எங்க நைனா மண்டையில குட்டி கத்துக்குடுத்தாரு."

"இதுல மீன் இல்லியே, எல்லம்மா."

"கைக்குத் தெரியுமா அது?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவரவர் பின்னிய சடையை அவரவர் பிரித்து எடுத்து, தனியாக ஒரு சின்ன வட்டம் கோக்கச் சொன்னேன். தன் கையைத் தானே கண்டுபிடிப்பதில் ஒருத்திக்கும் சிரமம் இருக்கவில்லை. மாலைக்குள் தரையில் வட்டங்கள் வரிசையாக வந்தன. காதர் பாய் வெறுங்காலோடு ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு போனார். எல்லம்மாவுடையதில் நின்றார். "இது பலகை." தேசம்மாவுடையதில் நின்றார். "இது மெத்தை." குனிந்து இரண்டின் ஓரத்தையும் பார்த்தார். "ரெண்டும் தரையோட தரையாத்தான்பா கீது."

ஒரே கை நடுவிலிருந்து ஓரம் வரை போனால், தான் இறுக்கியதைத் தானே அடுத்த சுற்றில் நெகிழவிட்டுச் சரிக்கட்டிக்கொள்கிறது. அடுத்தவள் இறுக்கியதைச் சரிக்கட்ட எந்தக் கைக்கும் தெரிவதில்லை. நாங்கள் சண்டை வரக் கூடாது என்று பங்கு போட்டோம். ஆட்களுக்குள் சண்டை நின்றது, சடைகளுக்குள் பிடித்துக்கொண்டது.

"அப்ப பாடு போச்சா?" என்று பசியாவரத்துப் பெண்கள் கேட்டார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. சீட்டை விட்டால் பழைய சண்டைதான். "போகாது. சுத்துக்குப் போட்ட சீட்ட இனிமே விரிப்புக்குப் போடுவோம். முதல்ல வர்றவங்களுக்குப் பெருசு, அடுத்ததுக்கு அடுத்தது. எடுத்தவங்க நடுவுலேர்ந்து ஓரம் வரைக்கும் தானே முடிக்கணும், வேற கை படக் கூடாது" என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

காதர் பாய் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். "சட்டம் நல்ல சட்டம். ஸ்கூலு விரிப்ப மட்டும் எல்லம்மாகிட்ட குடுத்துடு. இந்த ஒரு வாட்டிதான்." முதல் சீட்டிலேயே விலக்கு வைத்தால் அது யாருக்கும் சட்டமாக இருக்காது என்று எனக்குப் பட்டது. சட்டியில் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டிக்குள் கை விட்டேன். எடுத்ததை உள்ளங்கைக்குள் பார்த்தேன். தேசம்மாவின் அடையாளம். என்னைத் தவிர ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பள்ளி திறக்கப் போகிறது. மூடாத இரண்டு விரலோடு இவள் எப்போது முடிப்பாள்? அதை நழுவவிட்டு வேறொன்றை எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

"அடக் கடவுளே" என்று தலையில் கை வைத்தார் காதர் பாய். "நைனா, திருப்பிப் போடுபா. கைகூப்பிக் கேக்கறேன்."

நான் பதில் சொல்வதற்குள் எல்லம்மா எழுந்துவிட்டாள்.

"இன்னா பாய் பேசற? ஏரியில வுழுந்த பாட்ட எவனாச்சும் திருப்பிப் போட்டுக் கீறானா? கை வராதவனுக்கு வுழுந்தாலும் அது அவன் பாடு. அடுத்தவன் அங்க வலை வைக்க மாட்டான்."

"அப்ப ஸ்கூல் அம்மாவுக்கு நான் இன்னாம்மா சொல்றது?"

"நீ பேசாத பேச்சா? போலீஸ்காரனையே சிரிக்க வச்சிட்டு வர்ற ஆளு. போயி பேசு."

தேசம்மா இரண்டு பேர் பேச்சையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என் கையிலிருந்த கிளிஞ்சலை எடுத்துக்கொண்டு, "அண்ணே, நீளம் இன்னா, அகலம் இன்னா?" என்று கேட்டாள்.

வழி கண்டுபிடித்தது காதர் பாய்தான். தரையில் கிடந்த சின்ன வட்டங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் ஓரம் தெச்சிக் குடுங்க. பெருசு வர்ற வரைக்கும் கொழந்தைங்க ஆளுக்கொண்ணு போட்டுக் குந்தட்டும். வாங்கிக்கினா சரி, இல்லாட்டி நான் திட்டு வாங்கிக்கறேன்." கொண்டு போனார். என்ன பேசினாரோ தெரியாது, வாங்கிக்கொண்டார்கள்.

தேசம்மா வேலையைத் தொடங்கினாள். விரலால் இழுத்துப் பிடிக்க முடியாததால், சடையின் தலையைக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு, மறுமுனையை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, கரைவலை இழுப்பவர்களைப் போலப் பின்னால் சாய்ந்து நின்று பின்னினாள். இறுக்கம் வரவில்லை, ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக வந்தது. துணி கிழிப்பதும் மடிப்பதும் பின்னல் ஆகாது என்பதால் அதை மற்றவர்கள் செய்து கொடுக்கலாம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். தன் வேலை முடிந்த நேரத்தில் அதிகம் மடித்துக் கொடுத்தது எல்லம்மா. மடித்துக்கொண்டே வாய் ஓயாது.

"சீக்கிரம் பின்னு மே. அந்தக் கொழந்தைங்க படிச்சி முடிச்சி கல்யாணம் கட்டிக்கினு போயிடப் போவுதுங்க."

"கல்யாணத்துக்கு விரிச்சிக்கட்டும்" என்பாள் தேசம்மா, திரும்பிப் பார்க்காமல்.

காற்று அடித்துப் படகு வராத நாட்களில் விரிப்பு மூலையில் மூடிக் கிடக்கும். ஒருவரும் தொடமாட்டார்கள். நடுவில் ஒரு நாள் வளைவு லேசாகத் தூக்கியது. தேசம்மா உட்கார்ந்து, கோத்த சில சுற்றுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். நூல் சிக்கிக்கொண்டது. பக்கத்திலிருந்த எல்லம்மாவின் கை தன்னால் நீண்டது.

"தொடாத" என்றாள் தேசம்மா.

"அவுக்கறதுக்குக் கூடவா?"

"அவுக்கறதுக்கும்தான்."

எல்லம்மா கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு உதவிதான். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். காய்ச்சலில் கிடக்கும் தோழிக்குத் துணி கிழித்து வையுங்கள், மடித்து வையுங்கள், அவள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போங்கள். அவள் விரிப்பை மட்டும் அவளுக்காக விட்டு வையுங்கள்.

பள்ளி திறந்து வெகுநாள் ஆன பிறகு விரிப்பு முடிந்தது. காதர் பாய் வந்தார். விரித்தோம். நாலு பக்கமும் நடந்தார். நடுவில் குதிகாலால் அழுத்தினார். கடைசியில் தரையோடு கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடி ஓரத்தைப் பார்த்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"ஒரு கொறையும் சொல்ல முடியலியேம்மா. மெத்துனு கீது. ஆனா ஒண்ணு, இது சீக்கிரம் தேயும்."

"தேஞ்சா எடுத்துக்கினு வா. நான்தான தெக்கணும்? வேற கை படக் கூடாதுன்னு சட்டம் கீதுல்ல" என்றாள் தேசம்மா.

பாய் சிரித்துவிட்டார். விரிப்பைச் சுருட்டி, இரண்டு பேராகத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினோம். பெண்கள் எல்லாரும் வாசல் வரை வந்து வழிவிட்டார்கள். தேசம்மா வரவில்லை. கோத்துக் கோத்து மண்டியிட்டதில் கால் மரத்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் படி இறங்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, அடுத்த சீட்டு எப்போ?"

"பாத்தியா இவள!" என்று எல்லம்மா இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். "எழுந்து நிக்க முடியல, அதுக்குள்ள அடுத்த பாடு கேக்கறா!"

"கேப்பேன்" என்றாள் தேசம்மா, தூணைப் பிடித்து எழுந்துகொண்டே. "என் மொற. நான்தான் கேப்பேன்."